ஆர்க் ஏஞ்சல்ஸ்: ஒரே ஆல்பத்தோடு நின்ற குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க் ஏஞ்சல்ஸ் என்பது யார்?

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உருவான ராக் குழு. நான்கு பேர்: கிட்டாரும் பாட்டும் டாய்ல் பிராம்ஹால் (இளையவர்), கிட்டாரும் பாட்டும் சார்லி செக்ஸ்டன், பேஸ் கிட்டார் டாமி ஷானன், டிரம்ஸ் கிறிஸ் லேட்டன். 1992-ல் ஒரு ஸ்டூடியோ ஆல்பம் வெளியிட்டார்கள். 1993-ல் கலைந்துவிட்டார்கள். ஷானனும் லேட்டனும் அதற்கு முன் ஸ்டீவி ரே வான் என்ற ப்ளூஸ் கிட்டார் மேதையின் 'டபுள் ட்ரபுள்' குழுவில் பக்கவாத்தியம் வாசித்தவர்கள். இந்தக் குழுவைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

ஸ்டீவி ரே வானிடம் இவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள்?

லேட்டன் 1978-ல் சேர்ந்தார், ஷானன் 1981-ல். 'டபுள் ட்ரபுள்' என்ற பெயரே ஓட்டிஸ் ரஷ் பாடிய ஒரு ப்ளூஸ் பாட்டிலிருந்து எடுத்தது. 1983-ல் முதல் ஆல்பமான 'டெக்சஸ் ஃப்ளட்', 1984-ல் 'குடன்ட் ஸ்டாண்ட் த வெதர்', 1985-ல் 'சோல் டு சோல்', 1989-ல் 'இன் ஸ்டெப்' என ஸ்டூடியோ ஆல்பங்கள் நான்கிலும் இருவரும் உண்டு. கீபோர்டு வாசித்த ரீஸ் வைனன்ஸ் 1985-ல் வந்து சேர்ந்தார்.

ஷானனுக்கு அதற்கும் முந்தைய வரலாறு ஒன்று இருக்கிறது. 1969-ல் வுட்ஸ்டாக் விழாவில் ஜானி வின்டருக்கு பேஸ் வாசித்தவர் அவர். ஆக, வானிடம் வரும்போதே அவர் இன்னொரு டெக்சஸ் கிட்டார் மேதையைத் தாங்கிப் பழகியவர்.

இவர்களை வெறும் துணைக்கு வாசித்தவர்கள் என்று நினைப்பவர்கள் 'இன் ஸ்டெப்' ஆல்பத்தில் 'கிராஸ்ஃபயர்' பாட்டின் கீழே உள்ள பெயர்களைப் பாருங்கள். லேட்டன், ஷானன், வைனன்ஸ் மூவரும் பில் கார்ட்டர், ரூத் எல்ஸ்வொர்த் என்ற இருவரோடு சேர்ந்து எழுதிய பாட்டு அது. எழுதியவர்களில் வானின் பெயரே இல்லை. அமெரிக்க ராக் வானொலிப் பட்டியலில் முதலிடம் போன பாட்டும் அதுதான். பாட்டைத் தூக்கிச் செல்வது பேஸ் கிட்டாரின் ஓட்டம்.

குழு எப்படிப் பிறந்தது?

1990 ஆகஸ்ட் 26 இரவு விஸ்கான்சின் மாநிலத்தின் ஆல்பைன் வேலி அரங்கில் எரிக் கிளாப்டனோடு வானும் வாசித்தார். நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவுக்குப் பின், மூடுபனியில் புறப்பட்ட ஹெலிகாப்டர் அருகிலிருந்த மலைச்சரிவில் மோதியது. அதிலிருந்த ஐவரும் இறந்தார்கள். வானுக்கு அப்போது வயது 35. லேட்டனும் ஷானனும் ஒரே இரவில் தலைவனை இழந்தார்கள்.

ஆஸ்டினில் 'ஆஸ்டின் ரிஹர்சல் காம்ப்ளெக்ஸ்' என்ற பயிற்சிக்கூடம் இருந்தது. இசைக்குழுக்கள் அறை எடுத்து ஒத்திகை பார்க்கும் இடம். பிராம்ஹாலும் செக்ஸ்டனும் அங்கே சேர்ந்து வாசித்துப் பார்க்க, லேட்டனும் ஷானனும் கூடச் சேர்ந்தார்கள்.

பெயருக்கு என்ன பொருள்?

அந்தப் பயிற்சிக்கூடத்தின் ஆங்கிலப் பெயரில் மூன்று சொற்களின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் 'ஆர்க்'. அதோடு ஏஞ்சல்ஸ் சேர்ந்ததும், 'அதிதூதர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஒட்டிய சிலேடை ஆகிவிட்டது. 'ஆர்க்' தனிச்சொல், 'ஏஞ்சல்ஸ்' தனிச்சொல். தேடும்போது சேர்த்து எழுதினால் சம்பந்தமில்லாத மெட்டல் குழுக்களும் கேம் இசையும் வந்து குவியும். பெயரோடு 'லிவிங் இன் எ ட்ரீம்' என்ற பாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடினால் நேராகப் போய்ச் சேரலாம்.

பிராம்ஹாலும் செக்ஸ்டனும் வானின் குழுவில் இருந்தவர்களா?

இல்லை. ஆனால் இருவரும் அந்த வட்டத்திலேயே வளர்ந்தவர்கள். பிராம்ஹாலின் தந்தை பெயரும் டாய்ல் பிராம்ஹால்தான். டிரம்ஸ் வாசித்தவர், பாடியவர், வானோடு சேர்ந்து பல பாடல்கள் எழுதியவர். 'டைட்ரோப்', 'வால் ஆஃப் டினையல்' இரண்டும் அவர்கள் இருவரும் எழுதியவை. ஆல்பங்களில் பெயர் பார்க்கும்போது தந்தையையும் மகனையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வானின் பாடல்களுக்குக் கீழே இருந்தால் தந்தை. கிளாப்டன், 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் பக்கத்தில் கிட்டாரோடு இருந்தால் மகன். மகன் பதின்ம வயதிலேயே, வானின் அண்ணன் ஜிம்மி வான் இருந்த 'ஃபேபுலஸ் தண்டர்பேர்ட்ஸ்' குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார்.

செக்ஸ்டன் சிறுவனாக இருக்கும்போதே டெக்சஸ் பாடகர் ஜோ ஈலியின் குழுவில் மேடையேறியவர். 17 வயதில் 'பீட்ஸ் சோ லோன்லி' என்ற பாட்டு அமெரிக்க முதல் 20-க்குள் போனது. அழகான முகம், பாப் நட்சத்திரம் என்று அவரை விற்கப் பார்த்தார்கள். அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு குழுவில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டது அவர் செய்த நல்ல முடிவு என்பது எங்கள் எண்ணம்.

அப்படியானால் இது வானின் இசையைத் தொடர்ந்த குழுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். வானைப் போலவே வாசிக்கும் ஒருவரை முன்னால் நிறுத்தி, பழைய பாடல்களை வாசித்து லேட்டனும் ஷானனும் பிழைத்திருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. வானின் குழுவில் ஒரு கிட்டார், ஒரு குரல். இங்கே இரண்டு கிட்டார், இரண்டு குரல். 12 தாள ஆவர்த்தனங்கள் கொண்ட ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் ப்ளூஸ் வடிவம் அங்கே அடிப்படை. இங்கே சரணம், பல்லவி, நடுவில் திருப்பம் என்று எழுதிய ராக் பாடல்கள். கிட்டார் தனி வாசிப்பு பாட்டுக்கு உள்ளே அடங்கி நிற்கிறது. டெக்சஸ் வாசனை மாறாமல் இருப்பதற்குக் காரணம் பேஸும் டிரம்ஸும் அதே கைகள் என்பதுதான்.

ஆல்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயர். கெஃபன் நிறுவனத்தின் வெளியீடு, 1992, மொத்தம் 12 பாடல்கள். தயாரித்தவர் லிட்டில் ஸ்டீவன் என்ற ஸ்டீவன் வான் ஜான்ட். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'ஈ ஸ்ட்ரீட்' குழுவில் கிட்டார் வாசித்தவர். அதாவது, தலைவனுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பது என்றால் என்ன என்று தானே அறிந்த ஒருவர்.

'ஷேப் ஐ'ம் இன்' என்ற பாட்டைப் பார்த்து, 'த பேண்ட்' குழுவின் 1970 பாட்டை மறுபடி பாடியிருக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பெயர்தான் ஒன்று. இது வேறு பாட்டு.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதல் பாட்டான 'லிவிங் இன் எ ட்ரீம்'. பிராம்ஹால் பாடுவது. கிட்டாரின் கனத்த ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) கீழே டிரம்ஸ் எவ்வளவு நிதானமாக நிற்கிறது என்று கவனியுங்கள். அடுத்து 'சென்ட் பை ஏஞ்சல்ஸ்', வேகம் குறைந்த பாட்டு. அதன்பின் கடைசிப் பாட்டான 'டூ மெனி வேஸ் டு ஃபால்'. இந்த மூன்றும் பிடிக்கவில்லை என்றால் மற்ற ஒன்பதும் பிடிக்காது.

இரண்டு கிட்டாரையும் பிரித்துக் கேட்க ஒரு வழி: ஹெட்ஃபோன் மாட்டி, ஃபோன் அமைப்பில் அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள இடது-வலது சமநிலையை முழுக்க ஒரு பக்கம் தள்ளுங்கள். ஒரு முறை இடது, ஒரு முறை வலது, பிறகு நடுவில். ஒரு பக்கம் கேட்கும்போது மறைந்துபோகும் வாசிப்பு எதுவோ அது எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. பேஸ், கிக் டிரம், பாடும் குரல் மூன்றும் எப்போதும்போல நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் கேட்கும். ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுருதிகளை அது தருவதே இல்லை. ஷானன் இல்லாத ஆர்க் ஏஞ்சல்ஸைக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

பிராம்ஹாலின் கிட்டார் தலைகீழாக இருக்கிறதே?

அவர் இடதுகைக்காரர். தந்திகள் மட்டும் வலதுகைக்காரர் கிட்டாரில் உள்ள அதே வரிசையில் இருக்கும். எனவே பிடித்து நிற்கும்போது மெல்லிய தந்தி மேலே, தடித்த தந்தி கீழே. ஆல்பர்ட் கிங்கும் ஓட்டிஸ் ரஷ்ஷும் இப்படித்தான் வாசித்தார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அப்படியல்ல. அவர் கிட்டாரைத் திருப்பிவிட்டுத் தந்திகளையும் மாற்றிக் கட்டினார்.

ஒலியில் இதன் விளைவு பெரியது. வலதுகைக்காரர் மெல்லிய தந்தியை வளைக்க விரலால் மேலே தள்ளுகிறார். பிராம்ஹால் கீழே இழுக்கிறார். உள்ளங்கையை மூடுவதுபோன்ற அசைவு அது. வலு அதிகம், அதனால் சுருதி மெதுவாக, ஒரு குரல் இழைவதுபோல ஏறுகிறது. கார்டு (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) அடிக்கும்போதும் கை கீழே இறங்கினால் முதலில் ஒலிப்பது மெல்லிய தந்தி. நம் காதுக்குப் பழகிய வரிசை தலைகீழாகிறது.

வலதுகைக்காரர் இதைப் பின்பற்ற நினைத்தால், மூன்றாவது தந்தியில் கீழே இழுத்துப் பழகுங்கள். இரண்டாவதில் கொஞ்சம் வரும். முதல் தந்தியில் முயலவே வேண்டாம், ஃப்ரெட் பலகையின் (உலோகக் கட்டைகள் பதித்த கழுத்துப் பலகை) விளிம்பைத் தாண்டி வழுக்கி விழும்.

நான் இடதுகைக்காரர். சாதாரண கிட்டாரைத் திருப்பிப் பிடித்து இப்படி வாசிக்கலாமா?

வாசிக்கலாம். இடதுகை கிட்டார் கடையில் கிடைப்பது அரிது, விலையும் கூடுதல் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தந்திகளை இருந்த இடத்திலேயே விட்டால் நட்டையோ (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட பட்டை) பிரிட்ஜையோ (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) தொட வேண்டியதில்லை. அதுதான் இந்த முறையின் பெரிய வசதி. மாற்ற வேண்டியது ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் மட்டும். அதைத் திருகிக் கழற்றி, கிட்டார் உடலின் எதிர்ப்பக்கக் கொம்பில் மாட்ட வேண்டும். திருகாணியைவிட மெல்லிய துளையை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். துளை போடாமல் நேராகத் திருகினால் மரம் பிளக்கும்.

என்ன சிரமம் வரும்? ஒலிக் குமிழ்கள் மேல் பக்கம் வந்துவிடுவதால் முன்கை பட்டுத் திரும்பிக்கொண்டே இருக்கும். கிட்டார் உடலில் கை எட்டுவதற்காக உள்ள வெட்டு எதிர்ப்பக்கம் போவதால் 15-வது ஃப்ரெட்டுக்கு மேல் எட்டுவது கடினம். கார்டு படங்கள் எதுவும் உதவாது, விரல் அமைப்பை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்துத் தடித்த தந்தியைப் பிடிக்கும் வித்தையும் இல்லை, அங்கே இருப்பது மெல்லிய தந்தி.

ஹென்ட்ரிக்ஸ் வழியில் தந்திகளை மாற்றிக் கட்டுவதென்றால் கதை வேறு. நட்டில் தடித்த தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லிய தந்தி ஆடும், மெல்லியதற்கான பள்ளத்தில் தடித்த தந்தி இறங்காது. நட்டை மாற்றியே ஆக வேண்டும். அகூஸ்டிக் கிட்டாரில் பிரிட்ஜின் எலும்புப் பட்டை சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். அதன் சாய்வு தலைகீழாகிவிடுவதால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேராது.

வான் கிட்டார் சுருதியை இறக்கி வாசித்தார் என்கிறார்களே. நாமும் இறக்க வேண்டுமா?

வான் எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட் அளவு இறக்கி வைப்பார். தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 77.8 ஹெர்ட்ஸுக்கு வரும். ஆர்க் ஏஞ்சல்ஸ் பாடல்களை வாசிக்க முன்கூட்டியே இறக்கிவிடாதீர்கள். பாட்டோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். ரிஃபில் திறந்த தந்தியாக (விரல் வைக்காமல்) ஒலிக்கும் மிகத் தாழ்ந்த ஸ்வரம் உங்கள் கிட்டாரில் இல்லை என்றால்தான் இறக்க வேண்டும்.

ஒரு ஃப்ரெட் இறக்கினால் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். 9 அளவுத் தந்தி (முதல் தந்தியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு) போட்டிருந்தால் தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடித்து இரையும். ஒரு அளவு தடித்ததை, அதாவது 10-க்குப் பதில் 11 போட்டால், இழுவிசை பழைய நிலைக்கு வந்து சற்றுக் கூடவும் இருக்கும். வான் முதல் தந்தியாகப் பெரும்பாலும் 13 போட்டார். இறக்கிய சுருதியிலும் அது, சாதாரணச் சுருதியில் உள்ள 10-ஐவிட ஒன்றரை மடங்கு இழுவிசை. விரல் பழகாமல் அதைப் போட்டு மூட்டு வலியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் மிதக்கும் பிரிட்ஜ் இருந்தால் இன்னொரு தொல்லை. சுருதி இறங்கியதும் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுப்பு மேலோங்கி, பிரிட்ஜ் பின்பக்கம் படுக்கும், தந்திகள் தாழ்ந்து இரையும். பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் சமமாகக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். பிரிட்ஜ் பழைய மட்டத்துக்கு வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே முறையில் நிறையத் திருப்பினால் பிரிட்ஜ் எதிர்ப்பக்கமாக அளவு மீறிப் போய்விடும்.

லேட்டனின் டிரம்ஸில் அப்படி என்ன விசேஷம்?

அவரது அடித்தளம் டெக்சஸ் ஷஃபிள். ஒவ்வொரு எண்ணிக்கையையும் மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாசிப்பது. திஸ்ர நடை தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது: 'தகிட'வில் 'கி'யை வாய்க்குள் விழுங்கி 'த-ட, த-ட' என்று சொல்லுங்கள். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் ஸ்நேர் (சுள்ளென்று ஒலிக்கும் சிறு டிரம்) அழுத்தம். 1983-ல் வந்த 'ப்ரைட் அண்ட் ஜாய்' பாட்டில் இதைத் துல்லியமாகக் கேட்கலாம்.

புதிதாக வாசிப்பவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்றுதான். இடைவெளி 2-க்கு 1 ஆக இருக்க வேண்டியது, அவசரத்தில் 3-க்கு 1 ஆகிவிடும். அதாவது 'தகிட' போய் 'தகதிமி'யின் முதலும் கடைசியும் மட்டும் என்றாகிவிடும். கேட்பதற்கு அணிவகுப்புபோல விறைப்பாக இருக்கும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, 'தகிட' முழுதையும் வாயால் சொல்லிக்கொண்டே கையால் இரண்டை மட்டும் அடித்துப் பழகுங்கள். வாய் நிற்காதவரை கை தவறாது.

ஆர்க் ஏஞ்சல்ஸில் நேர்நடைப் பாடல்களே அதிகம். ஆனால் அந்த நேர்நடைக்குள்ளும் ஸ்நேர் ஒரு மயிரிழை பின்தங்கி விழுவதாகவே நாங்கள் கேட்கிறோம். அந்தத் தயக்கம் ஷஃபிள் பழகிய கையிலிருந்து வருவது.

நாங்கள் நான்கு பேர், இந்தப் பாடல்களை மேடையில் வாசிக்க நினைக்கிறோம். எதில் கவனம் வேண்டும்?

இரண்டு கிட்டாரும் ஒரே இடத்தில், ஒரே கார்டை, ஒரே இரைச்சலோடு வாசிப்பதுதான் எல்லாக் குழுவும் செய்யும் தவறு. ஒருவர் கீழே 5-வது ஃப்ரெட்டுக்குள் ரிஃபைப் பிடித்தால், மற்றவர் 7-க்கு மேலே, மூன்று தந்தி மட்டும் கொண்ட சிறு கார்டுகளில் இருக்கட்டும். இருவருமே ஆம்பில் (ஒலிபெருக்கி) இரைச்சலைக் கூட்டும் கெயின் குமிழை வீட்டில் வைப்பதைவிடக் குறைத்து, ஒலியளவைக் கூட்டுங்கள். கெயின் கூடினால் இரண்டு கிட்டாரும் ஒட்டிப் பிசைந்து பேஸை விழுங்கிவிடும். ஆம்பில் பேஸ் குமிழை இருவரும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். கீழ்ப்பகுதி ஷானனுடையது, அதை விட்டுக்கொடுத்தால்தான் பாட்டு நடக்கும். ஒத்திகையை முதலில் பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள். அவர்கள் இருவர் மட்டும் வாசித்தே பாட்டு அடையாளம் தெரிகிறது என்ற நிலை வந்தபின் கிட்டார்கள் சேரட்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழு ஏன் கலைந்தது?

உள் உரசல்களும் பிராம்ஹாலின் ஹெராயின் பழக்கமும். பிந்தையதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், அதிலிருந்து மீண்டு வந்தார். இதை வம்பாக எழுத எங்களுக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1986 இலையுதிர் காலத்தில் வான் ஐரோப்பியப் பயணத்தில் உடல் நொறுங்கி விழுந்து, மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தபோது, ஷானனும் அதே சமயத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்து குடியையும் போதையையும் விட்டவர். அந்த நரகத்தை உள்ளிருந்து அறிந்தவர் பேஸ் வாசித்த குழுவில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அதே குழியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் தயாராகும்வரை மற்றவர்களால் அவரைத் தூக்கிவிட முடிவதில்லை.

பிறகு நால்வரும் என்ன ஆனார்கள்?

பிராம்ஹால் 1996-ல் தன் பெயரிலேயே ஒரு ஆல்பமும், 1999-ல் 'ஜெல்லிகிரீம்' ஆல்பமும் தந்தார். ரோஜர் வாட்டர்ஸின் மேடையிலும், பிறகு பல ஆண்டுகள் கிளாப்டனின் குழுவிலும் வாசித்தார். 2000-ல் கிளாப்டனும் பி.பி. கிங்கும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் அவர் எழுதிய பாடல்கள் உண்டு. செக்ஸ்டன் 1999-ல் பாப் டிலனின் குழுவில் சேர்ந்தார், 2001-ல் வந்த 'லவ் அண்ட் தெஃப்ட்' ஆல்பத்தில் அவர் கிட்டார் இருக்கிறது. பக்கவாத்தியக்காரர்கள் இருவர் இரண்டு இளம் தலைவர்களோடு தொடங்கிய குழு இது. கடைசியில் அந்த இருவரும் இன்னும் பெரிய தலைவர்களுக்குப் பக்கவாத்தியக்காரர்கள் ஆனார்கள், அதிலும் உச்சத்தில் நின்றார்கள்.

லேட்டனும் ஷானனும் 'ஸ்டோரிவில்' என்ற ஆஸ்டின் குழுவில் சேர்ந்தார்கள். 2001-ல் 'டபுள் ட்ரபுள்' என்ற பெயரிலேயே 'பீன் எ லாங் டைம்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 2015-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் வானோடு சேர்த்து ஷானன், லேட்டன், வைனன்ஸ் மூவரின் பெயரும் இடம்பெற்றது. தலைவனின் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோகும் வழக்கம் அங்கே நடக்கவில்லை என்பதில் எங்களுக்கு நிறைவு.

மறுபடி சேர்ந்தார்களா?

அவ்வப்போது, பெரும்பாலும் மேடைக்காக. 2009-ல் 'லிவிங் இன் எ ட்ரீம்' என்ற பெயரில் நேரடி நிகழ்ச்சிப் பதிவு சிடியும் டிவிடியுமாக வந்தது. முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்டபின் அதற்குப் போங்கள். 1992-ல் அளவாக வெட்டிய பாடல்கள் மேடையில் எங்கே நீள்கின்றன என்று ஒப்பிட்டுக் கேட்கலாம்.

இதுபோல வேறு குழுக்கள் உண்டா?

டேவிட் போவியின் பக்கவாத்தியக்காரர்களான ட்ரெவர் போல்டரும் வுடி வுட்மன்சியும் 'ஸ்பைடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்' என்ற பழைய பெயரிலேயே 1976-ல் ஓர் ஆல்பம் செய்தார்கள். 'டெரக் அண்ட் த டாமினோஸ்' இன்னொன்று: பாபி விட்லாக், கார்ல் ரேடில், ஜிம் கார்டன் மூவரும் டெலனி அண்ட் பானி தம்பதியின் குழுவில் வாசித்தவர்கள், கிளாப்டனோடு சேர்ந்து 1970-ல் ஒரே ஸ்டூடியோ ஆல்பம், 1971-ல் இரண்டாவது ஆல்பத்தின் பாதியில் கலைந்தது. ஆர்க் ஏஞ்சல்ஸ் பிடித்தவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது அதைத்தான். இரண்டு குரலும் இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று துரத்துவது அங்கேயும் இருக்கிறது.